நாடோடிக் கூலிகளின் காதல்: பாட்ரிக் மக்கிலின் இரண்டு புதினங்கள்

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாட்ரிக் மக்கில் எழுதிய இரண்டு புதினங்களை அடுத்தடுத்துப் படித்து முடித்து நான்கு நாட்களாகின்றன. இன்னும் அவற்றிலிருந்து வெளியே வர இயலவில்லை. 1914இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் தி டெட் எண்ட்' ஒன்று. மறு ஆண்டு வெளிவந்த 'தி ராட்-பிட்' மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் டொனகால் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்துக்குச் சென்ற கூலிகளின் வாழ்க்கையை, அந்தக் கூலிகளில் ஒருவராக இருந்தவரே எழுதிய நூல்கள் இவை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெர்மட் ஃப்ளின் என்ற சிறுவன் பன்னிரண்டு வயதில் ஸ்ட்ரபேன் ஊரின் ஆள்பிடிச் சந்தைக்கு அனுப்பப்படுகிறான். மே மாதமும் நவம்பர் மாதமும் கூடும் அந்தச் சந்தையில், கையில் ஒரு துணி மூட்டையுடன் தெருவில் நிற்கும் பிள்ளைகளைப் பண்ணைக்காரர்கள் பார்த்து, பேரம் பேசி, ஆறு மாதத் தவணைக்குக் கூட்டிச் செல்வார்கள். அங்கிருந்து தப்பி ஸ்காட்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு வரும் டெர்மட், தன் ஊர்ப் பெண்ணான நோரா ரயனை அதே கூட்டத்தில் மீண்டும் காண்கிறான். சிறு வயதிலிருந்தே இருவருக்கும் இடையில் சொல்லப்படாத அன்பு இருந்து வருகிறது. பிறகு அவன் சூதாட்டத்தில் கூலியை இழக்கிறான். ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் சாலையில் இறங்குகிறான். மோல்ஸ்கின் ஜோ என்ற நாடோடிக் கூலியுடன் சேர்ந்து கின்லாக்லெவன் அணை வேலைக்குப் போகிறான். நோராவோ பண்ணைக்காரரின் மகன் ஒருவனை நம்பிக் கர்ப்பமுற்று, கைவிடப்பட்டு, கிளாஸ்கோ நகரத்தின் அடித்தட்டில் போய் விழுகிறாள். இரண்டாம் புதினம் இதே கதையை நோராவின் பக்கத்தில் நின்று சொல்கிறது.

விவாதத்துக்கு வைக்க விரும்பும் கேள்வி இதுதான். பலரும் இந்நூல்களைப் பற்றிப் பேசும்போது உழைப்பின் கொடுமையைத் தனியாகவும் காதலைத் தனியாகவும் பிரித்துப் பேசுகிறார்கள். காதல் பகுதி வாசகரை இழுப்பதற்காகச் சேர்க்கப்பட்டது என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை எங்கே, எத்தனை மாதம், யாருடன், எந்தக் கொட்டகையில் உறக்கம் என்பதையெல்லாம் வேறொருவர் தீர்மானிக்கும் வாழ்வில், இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்புவதற்கே இடமில்லாமல் போகிறது என்பதைத்தான் மக்கில் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். டெர்மட்டும் நோராவும் பிரிவதற்குப் பெரிய சண்டை எதுவும் காரணமில்லை. கிழங்குப் பருவம் நவம்பரில் முடிகிறது. பெண்கள் கப்பல் ஏறுகிறார்கள். அவன் கையில் காசில்லை. அவ்வளவுதான்.

உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


கரிசல்வாசி எழுதியது:

நண்பர் நெடுவழிக்கு நன்றி. உங்கள் கருத்தோடு பெருமளவு ஒத்துப்போகிறேன்; ஆனால் ஒரு தயக்கம் உண்டு.

முதல் நூலின் துணைத்தலைப்பே 'ஒரு மண்வேலைக் கூலியின் சுயசரிதை' என்றுதான் இருக்கிறது. ஆசிரியர் 1889இல் கிளென்டீஸ் பகுதியில் பிறந்தவர். டெர்மட்டைப் போலவே சிறுவயதில் பண்ணைக்கு அனுப்பப்பட்டு, கிழங்கு வயல், ரயில் பாதை, அணை என்று எல்லாவற்றையும் பார்த்தவர். கிரீனக் நகரத்தில் ரயில் பாதை வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் தன் முதல் கவிதைத் தொகுப்பைத் தாமே அச்சிட்டு வீடு வீடாக விற்றார். ஆகவே வயலும் கொட்டகையும் அணையும் வரும் பக்கங்களில் ஒரு சொல்கூடப் பொய்யாகத் தோன்றுவதில்லை. ஆனால் நோரா வரும் பக்கங்களில் நடை மாறிவிடுகிறது. ஏமாற்றப்பட்ட பெண், கைக்குழந்தை, மாநகரத்து வறுமை, மரணப் படுக்கையில் பழைய காதலன் வந்து சேர்வது என்ற வரிசை அதற்கு முன்னரே பல பத்தாண்டுகளாக ஆங்கிலப் புதினங்களில் தேய்ந்துபோன தடம். 'கெட்டுப்போன' பெண் கடைசிப் பக்கத்தில் இறந்தே ஆக வேண்டும் என்பது அக்காலப் பதிப்புலகின் எழுதப்படாத விதி. கண்ணால் கண்டதை எழுதிய கை, காதலை எழுதும்போது மட்டும் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நூலும் இருக்கிறது. அதே 1914இல்தான் ராபர்ட் ட்ரெஸல் எழுதிய வீட்டுச் சாயம் பூசும் தொழிலாளர்களைப் பற்றிய புகழ்பெற்ற புதினமும் வெளிவந்தது. அவர் 1911இலேயே இறந்துவிட்டார். அச்சில் வந்த நூலை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கதையின் தொழிலாளர்களும் பசியில் கிடப்பவர்களே. ஆனாலும் அவர்களுக்கு ஒரு தெரு இருக்கிறது, ஒரு வாடகை வீடு இருக்கிறது, சாயங்காலம் திரும்பினால் மனைவி இருக்கிறாள். அங்கே அன்பு என்பது அடுப்பில் கெட்டில் கொதிக்கும் அறைக்குள் நடக்கிறது. மக்கிலின் மனிதர்களுக்கு அந்த அடுப்பே கிடையாது. இந்த அளவில் உங்கள் கருத்து சரியென்றே படுகிறது.


வானதி எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. சற்று ஆதங்கமாகவும் இருந்தது. இதுவரை எழுதிய இருவருமே முதல் நூலை மையமாக வைத்துப் பேசுகிறீர்கள். இரண்டாம் நூலை அதன் துணைக்கதையாகக் கருதுகிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது.

முதல் நூலின் முன்னுரையைத் தயவுசெய்து திரும்பப் படியுங்கள். மோல்ஸ்கின் ஜோவும் கேரட்டி டானும் உண்மையான மனிதர்கள், இன்றும் ஏதோ ஒரு வேலைத்தளத்திலோ நாற்றமடிக்கும் விடுதியிலோ சாலையிலோ அவர்களைச் சந்திக்கலாம் என்று மக்கில் எழுதுகிறார். அடுத்து பெண்களைப் பற்றிப் பேசும்போது, கூரக் எலனும் ஆனியும் தாம் அடிக்கடி கண்ட பெண்களின் வகைமாதிரிகள் என்கிறார். நோராவின் கதை, வாழ்வின் அடிப்படை உண்மைகளை அறியாத ஒரு வெகுளிப் பெண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்தைக் காட்டுகிறதாம். ஆண்கள் மனிதர்கள், பெண்கள் மாதிரிகள், நோரா ஒரு எச்சரிக்கை. கரிசல்வாசி அவர்கள் குறிப்பிடும் தேய்ந்த தடம் இந்த முன்னுரையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் இரண்டாம் நூலின் தொடக்கம் எதைக் காட்டுகிறது? குளிர்காலத்து இரவில், கிராமத்துப் பெண்கள் கூட்டமாக, வெறுங்காலுடன், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடற்கழியில் நீர் வற்றும் நேரம் பார்த்து மறுகரைக்குப் போகிறார்கள். ஃபார்லி மக்கியன் என்ற கடைக்காரரிடம் நூல் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து காலுறை பின்னிக் கொடுத்தால் சில காசுகள் கிடைக்கும். அந்தக் காசுக்காக உறைபனி நீரில் இறங்குகிறார்கள். ஈரத் துணியோடு பாறைகளுக்கு நடுவில் ஒருவரையொருவர் அணைத்தபடி உறங்குகிறார்கள். நோராவும் அவர்களில் ஒருத்தி. சிறுமி. இப்படி வளர்ந்த பெண் வாழ்வின் உண்மைகளை அறியாதவளா? கடன் என்றால் என்ன, வாடகை என்றால் என்ன, பசி என்றால் என்ன என்பதையெல்லாம் அவள் டெர்மட்டுக்கு முன்பே அறிந்தவள். அவளுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை அவளுக்குச் சொல்லக்கூடாது என்று ஊரும் கோயிலும் முடிவு செய்திருந்தன.

அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வருகிறாள். கணவனில்லாமல் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரார் அவள் பெயரைச் சொல்வதில்லை. 'பான்ஷோ' என்று சுட்டி மட்டுமே பேசுகிறார்கள். நம் ஊரில் 'அவ' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார்களே, அதுபோல. அவளுடைய பெயர் ஷீலா கேரல். பல ஆண்டுகள் கழித்து கிளாஸ்கோவில் நோராவை ஏற்று, தன் அறையில் இடம் கொடுத்து, சட்டை தைக்கும் வேலையில் சேர்த்துக்கொள்பவள் அவள்தான். இந்த இருவரும் மங்கலான விளக்கொளியில் எதிரெதிரே உட்கார்ந்து, விரல் நுனி மரத்துப் போகும்வரை பொத்தான் வைத்துக்கொண்டிருக்கும் பக்கங்களைப் படித்தேன். இந்த இரண்டு நூல்களிலும் 'காதல்' என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது இதுவே என்று எனக்குப் பட்டது. நோராவைத் தெருவுக்குத் தள்ளியது அறியாமையில்லை. தன் குழந்தைக்கு மருந்தும் பாலும் வாங்க அந்தத் தையல் கூலி போதவில்லை. பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் வாரியச் சட்டம் 1909இல் வந்தபோது நான்கு தொழில்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. சட்டை தைக்கும் வேலை 1913இல்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நோராக்களுக்கு அது தாமதம்.

தன் முன்னுரையில் தான் எழுதியதற்கு மக்கில் தானே எழுதிய மறுப்பு என்றே இரண்டாம் நூலை நான் படிக்கிறேன்.


சொல்லேர் எழுதியது:

சகோதரி வானதி எழுதியதற்குப் பிறகு இந்நூல்களைத் தமிழாக்கும் ஆசை எனக்கு மேலும் வலுத்துவிட்டது. நான் சில அத்தியாயங்களைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறேன். சொற்களில் சந்தித்த சிக்கல்களைச் சொன்னால் இந்த விவாதத்துக்கும் பயன்படும்.

முதலில் 'நேவி' என்ற சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் கடற்படை என்று பொருள்படும். பதினெட்டாம் நூற்றாண்டில் உள்நாட்டு நீர்வழிகளுக்குக் கால்வாய் வெட்டியவர்களை 'நேவிகேட்டர்' என்று அழைத்து, அது சுருங்கி வந்த பெயர் அது. பின்னர் ரயில் பாதை, அணை, துறைமுகம் என்று மண்ணும் பாறையும் அகழும் எல்லாக் கூலிகளுக்கும் பொதுவாயிற்று. நான் 'மண்வேலையாள்' என்று எழுதுகிறேன். முழு நிறைவு இல்லை. பாறை உடைக்கும் வேலை அதில் அடங்காது.

அடுத்து 'ராட்-பிட்'. கிளாஸ்கோவில் ஏழைப் பெண்கள் காசு கொடுத்து இரவு தங்கும் விடுதி ஒன்றின் பட்டப்பெயர் அது. 'எலிப்பொந்து' என்று முதலில் எழுதினேன். பிறகு அது தவறென்று உணர்ந்தேன். பொந்து எலிக்குப் பாதுகாப்பான வீடு. ராட்-பிட் என்பது, எலிகளைக் கொட்டி, நாயை இறக்கி, எத்தனை நிமிடத்தில் எத்தனை எலியைக் கொல்கிறது என்று பந்தயம் கட்டுவதற்காக அமைத்த பள்ளம். ஆகவே 'எலிக்குழி'. சுற்றி நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. முதல் நூலுக்கு 'முட்டுச்சந்தின் பிள்ளைகள்' என்று வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, வேலை வாங்குபவரைக் குறிக்கும் சொல். கிழங்குக் கூட்டத்தை நடத்துபவரும் அணையில் ஆட்களை மேய்ப்பவரும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதுண்டு. ஆனால் இருவரும் ஒன்றல்லர். கிழங்குக் கூட்டத்தின் தலைவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே மொழி பேசுபவர். வசந்த காலத்தில் வீடு வீடாகப் போய், 'உங்கள் பெண்ணை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று தாய்க்கு வாக்குக் கொடுத்து ஆள் சேர்ப்பவர். அவரைக் கங்காணி என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஒரே நொடியில் விளங்கும். அணையின் ஆளுக்கு நான் மேஸ்திரி என்கிறேன். அங்கே ஊரும் உறவும் கிடையாது, யாரும் யாருக்கும் வாக்குக் கொடுத்தவரில்லை.

கங்காணி என்ற சொல்லைப் பயன்படுத்துவது சரியா என்பதில் மட்டும் எனக்கு உறுதியில்லை. மலையகத்து நண்பர்கள் யாரேனும் சொல்ல வேண்டும்.


தேயிலைத்தூர் எழுதியது:

அண்ணன் சொல்லேர் அவர்களுக்கு. நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அம்மாவின் பாட்டனார் கங்காணியின் கீழ் வேலை செய்தவர். ஆகவே அச்சொல் எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கியதில்லை, குரல் தாழ்ந்துவிடும்.

ஒற்றுமை உண்டு என்பதை ஏற்கிறேன். ஊரிலிருந்து ஆள் பிடிப்பது, உறவைக் காட்டி நம்ப வைப்பது, துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் பேசுவது ஆகிய மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் இலங்கையில் கங்காணியின் பலம் கடன் கணக்கில் இருந்தது. கூலி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அவன் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் நகர முடியும். அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. டொனகால் கூலிகள் வறியவர்களே. ஆனாலும் நவம்பரில் வீடு திரும்பினார்கள். பிடிக்காவிட்டால் டெர்மட்டைப் போல ஒரு விடியற்காலையில் சாலையில் இறங்கி நடக்கவும் அவர்களால் முடிந்தது. எங்களவர்களுக்கு அந்தச் சாலை இல்லை.

ஆகவே கங்காணி என்றே எழுதுங்கள். ஆனால் முதல் முறை அச்சொல் வரும் இடத்தில் இந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியும்படி ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். எங்கள் சொல்லின் கனம் குறையாமலிருக்கும்.


சொல்லேர் எழுதியது:

மிக்க நன்றி, தம்பி. அப்படியே செய்கிறேன். கங்காணி தாய்க்குக் கொடுத்த வாக்கு நோராவின் விஷயத்தில் எப்படிப் போயிற்று என்பதையும் அந்த வாக்கியத்தோடு சேர்த்துக் கொண்டுவர முயல்கிறேன்.


வடகரை எழுதியது:

நான் பதினொரு ஆண்டுகளாகக் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். இந்த நூல்களைப் படித்த பிறகுதான் கின்லாக்லெவனுக்குப் போனேன். அங்கே கண்டதைச் சொல்வதற்காக இந்த இழையில் இணைந்திருக்கிறேன்.

கிங்ஸ்ஹவுஸ் என்ற பழைய விடுதியிலிருந்து 'டெவில்ஸ் ஸ்டேர்கேஸ்' என்ற மலையேற்றம் வழியாக நடந்தால் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இப்போது அது நடைப்பயணிகள் விரும்பி வரும் பாதை. நான் போனது செப்டம்பர் மாதம்; நல்ல மழைச்சட்டை, நல்ல காலணி, பையில் சூடான தேநீர். அப்படியிருந்தும் உச்சியில் காற்று அடித்த அடியில் நிற்க முடியவில்லை. அணை வேலை நடந்த காலத்தில் கூலிகள் கூலி வாங்கிய இரவில் குடிப்பதற்காக இதே மலையைத் தாண்டி கிங்ஸ்ஹவுஸுக்குப் போவார்கள். பனிக்காலத்தில் போதையோடு திரும்பும் வழியில் விறைத்து இறந்தவர்கள் உண்டு. சிலருடைய உடல் பனி உருகிய பிறகே கிடைத்தது.

அந்த அணையின் பெயர் பிளாக்வாட்டர். 1905க்கும் 1909க்கும் இடையில், அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. நீளம் 900 மீட்டருக்கு மேல், உயரம் 27 மீட்டர் அளவு. சுமார் மூவாயிரம் பேர் உழைத்தார்கள். பெரும்பகுதி வேலை கடப்பாறையும் மண்வெட்டியும் சம்மட்டியும் கொண்டு நடந்தது. பிரிட்டனில் மனிதக் கைகளை நம்பிக் கட்டிய கடைசிப் பேரணை என்று இதைச் சொல்வார்கள். எந்த ஆலைக்காக அத்தனை பேர் பாறை பிளந்தார்களோ அந்த ஆலை 2000ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது.

அணைக்குச் சற்றுக் கீழே, பாதையிலிருந்து விலகிய ஒரு மேட்டில், சிறிய வேலியடைத்த இடுகாடு இருக்கிறது. இருபது சொச்சம் கற்கள். கல் என்று சொன்னேன். உண்மையில் அவை சிமெண்டுப் பலகைகள். அணைக்குக் குழைத்த கலவையிலேயே வார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுத்துகள் கோணலாக இருக்கின்றன. கைப்பழக்கமில்லாத யாரோ ஈரமாக இருக்கும்போதே பெயரைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பலகையில் பெயர் இல்லை. 'தெரியவில்லை' என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பலகையின் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

மோல்ஸ்கின் ஜோ என்ற பெயரை அந்த இடத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். மோல்ஸ்கின் என்பது கூலிகள் அணியும் கெட்டியான பருத்திக் கால்சட்டைத் துணி. முழங்காலுக்குக் கீழே ஒரு கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். உடுப்பின் பெயரும் ஊரின் பெயரும் தலைமுடி நிறமும்தான் அந்த முகாம்களில் ஆளின் பெயர். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1897இலேயே வந்துவிட்டது. 1906இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. ஆனால் வெடிக்காமல் கிடந்த மருந்தில் கடப்பாறை பட்டு ஒருவன் இறந்தால், அவன் உண்மைப் பெயர் என்ன, அவனுக்காகக் காத்திருப்பவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது பக்கத்துப் படுக்கைக்காரனுக்கே தெரியாது. பணத்தை யாருக்கு அனுப்புவது? நெடுவழி அவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தப் பெயரில்லாத பலகையில் ஒரு பதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவனையும் யாரோ ஒருத்தி நினைத்துக்கொண்டு இருந்திருப்பாள். அவன் இறந்தான் என்ற செய்தியே அவளுக்குப் போயிருக்காது. தன்னை மறந்துவிட்டான் என்றே நம்பியிருப்பாள்.


கரிசல்வாசி எழுதியது:

வடகரை அவர்களே, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து சற்று நடந்துவிட்டு வந்தேன்.

சகோதரி வானதியின் முன்னுரை வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். நான் அந்த முன்னுரையைப் படித்திருந்தும், ஆண்களுக்கு ஒரு சொல்லும் பெண்களுக்கு ஒரு சொல்லும் இருப்பதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் நூல் முதல் நூலுக்கு மறுப்பு என்றால், அது ஏன் அதே முடிவில் போய் நிற்கிறது? நோராவை உயிரோடு விட்டிருக்கலாமே? ஷீலாவைப் போல ஊரின் வசையைத் தாங்கிக்கொண்டு, தையல் ஊசியோடு பல்லைக் கடித்து வாழும் பெண்ணாக அவளை ஆக்கியிருக்கலாம். மக்கில் அதைச் செய்யத் துணியவில்லை.


வானதி எழுதியது:

நியாயமான கேள்வி. இதற்கு நான் இரண்டு நாட்கள் யோசித்தேன்.

முதல் நூலில் அவளைக் கொன்ற பிறகு இரண்டாம் நூலில் பிழைக்க வைக்க அவரால் இயலாது என்பது எளிய பதில். அதை நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது உங்கள் கேள்விக்குப் பதிலாகாது.

முடிவு அதேதான், ஆனால் அந்த முடிவுக்குப் போகும் வழியில் வாசகர் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. முதல் நூலில் நாம் டெர்மட்டோடு சேர்ந்து கிளாஸ்கோ தெருக்களில் நோராவைத் தேடுகிறோம். அவள் கிடைக்காத ஒவ்வொரு இரவும் நமக்கு அவனுடைய துயரமாகத்தான் வந்து சேர்கிறது. இரண்டாம் நூலில் அதே இரவுகளில் நாம் அவளோடு அறைக்குள் இருக்கிறோம். யாரோ தேடுகிறார்கள் என்ற செய்தியே அவளுக்கு இல்லை. குழந்தையின் மூச்சு எப்படி இருக்கிறது என்பது ஒன்றே அவள் கவனம். டெர்மட்டின் பெருங்காதல் அந்த அறையை எட்டவே இல்லை. காதல் உண்மையாக இருந்தும் பயனில்லாமல் போனதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறு நூலை நான் படித்ததில்லை. தேடும் ஆண் எவ்வளவு துடித்தாலும், தேடப்படும் பெண்ணின் வீட்டு வாடகை அன்று மாலை செலுத்தப்பட வேண்டியிருக்கிறது.

ஷீலாவைப் போல அவள் வாழ்ந்திருக்கலாம் என்கிறீர்கள். ஷீலா எப்படி வாழ்கிறாள் என்பதைப் பாருங்கள். ஊரைவிட்டு, பெயரை விட்டு, வந்து சேர்ந்த நகரத்தில் விரல்களைத் தேய்த்து. அவளையும் மக்கில் காப்பாற்றவில்லை. சாகாமல் விட்டார், அவ்வளவே.


நெடுவழி எழுதியது:

தொடங்கியவன் என்ற முறையில் மீண்டும் வருகிறேன். நான் எழுதிய முதல் பதிவைத் திரும்பப் படித்தபோது எனக்கே குறை தெரிந்தது. 'அவன் கையில் காசில்லை, அவ்வளவுதான்' என்று முடித்திருந்தேன். காசில்லாமல் போனதற்கு அவன் சூதாட்டம் ஒரு காரணம் என்பதை நான் விரைந்து கடந்துவிட்டேன். அந்தக் கொட்டகை வாழ்க்கையை நினைத்தால் அவனைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அதே கொட்டகையில், அதே வைக்கோலில், நடுவில் ஒரு சாக்குத்துணித் திரைக்கு அப்பால் நோராவும் படுத்திருந்தாள். பகலில் ஆண்கள் முள்கரண்டியால் மண்ணைப் புரட்டிக்கொண்டே முன்னால் போக, பெண்கள் முழங்காலில் சாக்குக் கட்டிக்கொண்டு, ஈரக் களிமண்ணில் தவழ்ந்தபடி, பின்னால் வந்து கிழங்கு பொறுக்கினார்கள். மாலையில் அவன் சீட்டுக்கட்டை எடுத்தான். அவள் சேர்த்த காசு ஊரில் தாய்க்குப் போயிற்று.

இந்தக் கொட்டகைகள் மக்கிலின் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதையும் இங்கே பதிய விரும்புகிறேன். 1935 நவம்பரில் ஸ்காட்லாந்துக் கிழங்கு வேலை முடிந்து டொனகாலின் அரன்மோர் தீவுக்குத் திரும்பிய படகு பாறையில் மோதிப் பத்தொன்பது பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் பிழைத்தார். 1937 செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிர்க்கின்டிலாக் ஊரில், கிழங்குக் கூலிகள் உறங்கிய கொட்டகை இரவில் தீப்பிடித்து, அக்கில் தீவைச் சேர்ந்த பத்து இளைஞர்கள் கருகினார்கள். அவர்களில் இளையவனுக்கு வயது பதின்மூன்று. பக்கத்துப் பகுதியில் உறங்கிய பெண்கள் தப்பினார்கள். தப்பியவர்களில் இறந்தவர்களின் உடன்பிறந்தவர்களும் இருந்தார்கள்.

மக்கில் தன் நூல்களில் பாதிரியாரையும் கடைக்காரரையும் எழுதிய விதத்துக்காகச் சொந்த ஊரில் வெகுகாலம் வெறுக்கப்பட்டார். அவர் 1963இல் அமெரிக்காவில் இறந்தார். 1981 முதல் கிளென்டீஸில் அவர் பெயரால் ஒரு கோடைப்பள்ளி நடத்தத் தொடங்கினார்கள் என்பதை அறிந்தபோது மனம் நிறைந்தது.

சொல்லேர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர்த்த அத்தியாயங்களில் ஒன்றை இங்கே பகிர இயலுமா?


சொல்லேர் எழுதியது:

பகிர்கிறேன். எந்த அத்தியாயம் என்பதில் இப்போது என் முடிவு மாறிவிட்டது. முன்பு கின்லாக்லெவன் பகுதியைத் தரலாமென்று எண்ணியிருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு, 'எலிக்குழி'யின் முதல் அத்தியாயத்தை, அந்தப் பெண்கள் நீர் வற்றக் காத்திருக்கும் இரவை, முதலில் தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பதிவேற்றுகிறேன். காலுறை பின்னும் ஊசிக்கும் நூல் கண்டுக்கும் மலையகத்திலோ கரிசலிலோ புழங்கும் சொற்கள் ஏதேனும் இருந்தால் அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.


தேயிலைத்தூர் எழுதியது:

எங்கள் தோட்டத்தில் குளிருக்குப் பின்னுவதைக் 'கம்பிளி கோக்கிறது' என்று அம்மாச்சி சொல்வார். ஊசிக்கு என்ன சொல்வார் என்று இன்றிரவு அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், அண்ணா.